ஒலிவாங்கி இல்லாத குரல்: ஒபராச் சொப்ரானோவின் தொழில் எப்படிப்பட்டது?

இலங்கையின் 2016 ஆம் ஆண்டுச் சுதந்திர தினக் கொண்டாட்டங்களைத் தமிழர் பலர் நினைவில் வைத்திருப்பது, நெடுங்காலத்துக்குப் பின் அன்று தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது என்பதற்காகவே. அதே கொண்டாட்டங்களில் பாடப்பட்ட இன்னொரு பாட்டும் நாட்டில் பெரிய வாதத்தைக் கிளப்பியது. இலண்டனில் பயின்ற இலங்கைப் பாடகி கிஷானி ஜயசிங்க, சிங்கள மக்கள் நெஞ்சில் பதிந்த பழைய நாடகப் பாடல் ஒன்றை மேலைத்தேய ஒபரா முறையில் பாடினார். அதைப் பாராட்டியவர்களும் இருந்தார்கள். கேலி செய்தவர்களும் இருந்தார்கள்.

கிளிநொச்சியில் நான் சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் பின்னேர வகுப்புக்கும் அந்தக் காணொளி வந்து சேர்ந்தது. மாணவி ஒருத்தி கைபேசியை என் பக்கம் நீட்டி, "ரீச்சர், அவா ஏன் இப்பிடிக் கத்துறா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் பிழை எதுவும் இல்லை. பழகாத காதுக்கு அது கத்தலாகத்தான் படும். ஆனால் ஒபரா என்றால் கத்திப் பாடுவது, சொப்ரானோ என்றால் உச்சத்தில் கத்தும் பெண் என்று படித்தவர்களும் சொல்லிக்கொண்டு திரிவதைக் கேட்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. அது ஒரு கடுமையான தொழில். அதற்கென்று நியாயங்களும் கணக்குகளும் உண்டு. அவற்றை எங்கள் ஊர்ப் பொருள்களைக் கொண்டே விளங்கப்படுத்தலாம்.

கூத்துக் களரியிலிருந்து தொடங்குவோம்

முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்தோ காத்தவராயன் கூத்தோ பார்த்தவர்களுக்கு ஒபராவின் அரைவாசி ஏற்கெனவே தெரியும். கதை பாட்டாலே நகர்கிறது; பாத்திரங்கள் பாடிக்கொண்டே நடிக்கிறார்கள்; வாத்தியங்கள் பாட்டைத் தாங்கி நிற்கின்றன. கூத்தில் வசனமும் விருத்தமும் கதையை முன்னே தள்ள, தரு வரும்போது பாத்திரம் நின்று தன் உள்ளத்தைப் பாடுகிறது. ஒபராவிலும் பேச்சைப் போலப் பாடிக் கதையை நகர்த்தும் பகுதி ஒன்று உண்டு. அதன் பெயர் ரெசிற்றற்றிவ். நின்று மனத்தைத் திறந்து பாடும் தனிப்பாட்டு ஆரியா எனப்படும். கூத்தில் அண்ணாவியார் ஒருவரே பாட்டையும் ஆட்டத்தையும் பழக்குவார். ஒபராவில் வாத்தியக் குழுவை நடத்துபவர் ஒருவர், நடிப்பை நெறிப்படுத்துபவர் இன்னொருவர்.

இக்கலை இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் 1600 ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தது. தொடக்கத்தில் அது அரசமாளிகைக்குள் நடந்த ஆடம்பரம். 1637 இல் வெனிஸ் நகரில் காசு கொடுத்து எவரும் நுழையக்கூடிய முதலாவது ஒபரா அரங்கு திறக்கப்பட்டது. பாடகியின் தொழில் என்று நாம் இன்று சொல்வது உண்மையில் அந்த நுழைவுச்சீட்டோடுதான் தொடங்குகிறது; ஏனெனில் சனம் எந்தக் குரலுக்காகக் காசு கொடுத்து வருகிறதோ, அந்தக் குரலுக்கு விலை ஏற்பட்டது. எங்கள் கூத்தில் பெண் வேடத்தை ஆண்களே கட்டியதைப் போல, உரோமாபுரியிலும் பெண்கள் மேடையேறத் தடை இருந்த காலம் உண்டு. பெண் குரல் தன் இடத்தை அங்கும் போராடித்தான் பிடித்தது.

சுருக்கமாக: ஒபரா என்பது பெரும்பாலும் பாட்டால் நடக்கும் நாடகம், அதில் பாடுபவர் பாடகராகவும் நடிகராகவும் ஒருங்கே தேர்ந்திருக்க வேண்டும்.

சுருதியை யாருக்காக வைப்பது?

எங்கள் கர்நாடக சங்கீதத்தில் பாடகியின் குரலைப் பார்த்துத்தான் சுருதி வைக்கிறோம். ஒருவருக்கு ஐந்து கட்டை, இன்னொருவருக்கு ஐந்தரைக் கட்டை. அதே கீர்த்தனையை ஆண் பாடும்போது ஒரு கட்டையில் பாடுவார். பாட்டு குரலைத் தேடி வருகிறது. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் போன எந்தப் பிள்ளையும் தனக்கு ஒத்த சுருதியில்தான் பாடியிருக்கும்.

ஒபராவில் பெரும்பாலும் இது நடவாது. இயற்றியவர் எந்தச் சுரத்தில் எழுதினாரோ அதே சுரத்தில்தான் பாட வேண்டும். அறுபது, எழுபது பேர் கொண்ட வாத்தியக் குழு அந்தத் தாளைப் பார்த்தே வாசிக்கிறது. பாட்டு குரலைத் தேடி வராது என்றால், குரல்தான் தனக்கு ஏற்ற பாட்டைத் தேடிப் போக வேண்டும். ஒபரா உலகில் குரல்களை இவ்வளவு கண்டிப்பாக வகைப்படுத்துவதன் காரணம் இதுவே. இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் சொப்ரானோவின் வாழ்க்கையில் மற்றெல்லாம் தானாக விளங்கும்.

சொப்ரானோ என்பது பெண் குரல்களில் மிக உயர்ந்த வகை. 'மேலே' என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. அதற்குக் கீழே மெஸ்ஸோ சொப்ரானோ, அதற்கும் கீழே கொன்றால்ரோ. ஆண்களில் ரெனர், பாரிற்றோன், பேஸ். சொப்ரானோவின் எல்லை, கீபோர்டின் நடுவிலுள்ள 'ஸி' சுரத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு ஸ்தாயி. மேல் எல்லையிலுள்ள 'ஸி'யைப் பாடும்போது அவரது குரல்நாண்கள் ஒரு செக்கனில் 1,046 தடவை அதிர்கின்றன. ஒரு செக்கனில் எத்தனை அதிர்வு என்னும் இந்த எண்ணிக்கையே மீடிறன். அதன் அலகு ஹேர்ட்ஸ். பெண்ணின் குரல்நாண் ஏறத்தாழ ஒன்றரைச் சென்ரிமீற்றர் நீளமே உடைய சிறு மடிப்பு என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

மாங்குளத்திலும் மன்னார்ப் பக்கத்திலும் கோவில் பாடகர் குழாமில் சேர்ந்தவர்கள், "நான் சொப்ரானோவில் பாடினனான்" என்று சொல்வதைக் கேட்டிருக்கலாம். அதுவும் சரியான பயன்பாடே. ஆனால் பாடகர் குழாமில் அது ஒரு வரிசையின் பெயர். பலர் சேர்ந்து ஒரே குரலாக ஒலிப்பது. ஒபராவில் அது ஒருவரின் தனிக்குரலின் பெயர். அது பட்டமும் அல்ல, பதவியும் அல்ல. உயரமான ஆளை நெடியவர் என்று சொல்வதைப் போல, அந்தக் குரலின் இயல்பைக் குறிக்கும் சொல் அது.

சுருக்கமாக: எங்களிடம் சுருதி குரலுக்கு வளைகிறது, ஒபராவில் எழுதிய சுரம் வளையாது. ஆகவே எந்தக் குரலுக்கு எந்தப் பாத்திரம் என்பதே அத்தொழிலின் முதற் கேள்வி.

ஒலிவாங்கி இல்லாமல் எப்படிக் கேட்கிறது?

நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் ஒபரா அரங்கில் ஏறக்குறைய 3,800 பேர் இருக்கலாம். பாடகிக்கும் அவர்களுக்கும் நடுவில் வாத்தியக் குழு இருக்கிறது. பாடகியிடம் ஒலிவாங்கி கிடையாது. கடைசி வரிசைக்கும் அவர் குரல் போகிறது. கத்தினால் போகும் என்று நினைப்பதுதான் மக்களின் தவறு. கத்தினால் ஒரு கிழமையில் தொண்டை போய்விடும்.

லாண்ட்மாஸ்ரர் உழுதுகொண்டிருக்கும் வயலில் ஒருவரோடு ஒருவர் பேசிப் பாருங்கள். எவ்வளவு உரத்துப் பேசினாலும் பேச்சு எடுபடாது. ஆனால் வரம்பில் நிற்கும் மாட்டின் கழுத்து மணி கேட்கும். மணியின் ஓசை எஞ்சின் ஓசையை விடப் பெரியதல்ல. எஞ்சினின் பலம் தாழ்ந்த மீடிறன்களில் இருக்கிறது. மணியின் ஓசையோ எஞ்சின் விட்டுவைத்த உயர்ந்த மீடிறன்களில் ஒலிக்கிறது. வாத்தியக் குழுவும் அப்படித்தான். அதன் பலம் 500 ஹேர்ட்ஸ் அளவில் மிகுந்து, 3,000 ஹேர்ட்ஸ் வருவதற்குள் நன்றாகக் குறைந்துவிடுகிறது. பயிற்சி பெற்ற குரல்கள், குறிப்பாக ஆண் குரல்கள், அந்த 3,000 ஹேர்ட்ஸ் பகுதியில் தங்கள் பலத்தைத் திரட்டுகின்றன என்பதைச் சுவீடன் அறிஞர் யொஹான் சுண்ட்பேர்க் 1970 களில் ஆராய்ந்து விளக்கினார். மனிதக் காது கூர்மையாகக் கேட்கும் பகுதியும் அதுவே.

உச்சத்தில் பாடும் சொப்ரானோ இன்னொரு வழியையும் கையாளுகிறார். கிணற்றுக் கட்டில் குனிந்து, 'ஊ' என்று சுரத்தை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஏதோ ஒரு சுரத்தில் கிணறு முழுவதும் சேர்ந்து முழங்கும். உள்ளிருக்கும் காற்றின் இயல்பான மீடிறனும் உங்கள் குரலின் மீடிறனும் ஒன்றாகும்போது நிகழும் அந்த முழக்கமே பரிவு. வாயும் தொண்டையும் சேர்ந்த குழி ஒரு சிறிய கிணறு. சொப்ரானோ மேலே போகப் போகத் தாடையைத் திறந்து அந்தக் குழியின் மீடிறனையும் பாடும் சுரத்தோடு சேர்த்து மேலே கொண்டுபோகிறார். நாங்கள் காணொளியில் பார்த்துச் சிரிக்கும் அந்த 'அகலத் திறந்த வாய்' முகபாவம் அல்ல, வேலை.

அதற்கு ஒரு விலையும் உண்டு. 'இ' என்று சொல்வதற்கான வாய், 300 ஹேர்ட்ஸ் அளவிலேயே பரிவு கொள்கிறது; உச்ச சுரமோ 1,000 ஹேர்ட்ஸுக்கு மேல். ஆகவே உச்சத்தில் 'இ', 'உ' எல்லாமே 'ஆ'வை நோக்கிப் போய்விடுகின்றன. "சொல் ஒன்றும் விளங்குதில்லையே" என்ற முறைப்பாடு நியாயமானது. இத்தாலியருக்கும் இத்தாலிய ஒபராவின் உச்ச சுரங்களில் சொல் சரியாக விளங்காது. மேடைக்கு மேலே பாடலின் பொருளை எழுத்தில் காட்டும் முறை 1983 இல் ரொறொன்ரோவில் தொடங்கியது. இன்று பெரும்பாலான அரங்குகளில் அது உண்டு.

மூச்சின் கதைக்கு இரணைமடுவுக்குப் போவோம். குளம் நிறைந்திருக்கிறது என்பதற்காக எவரும் கட்டை வெட்டி விடுவதில்லை. துருசை அளவாகத் திறந்தால்தான் கடைசி வாய்க்கால் வயலுக்கும் தண்ணீர் ஒரே சீராகப் போகும். பாடகி மூச்சை உள்ளெடுக்கும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள பிரிமென்றகடு கீழிறங்கி, விலா எலும்புகள் விரிகின்றன. காற்று தானாக வெளியே தள்ளப் பார்க்கும். அவர் விலாக்களை விரித்தபடியே வைத்திருந்து, வேண்டிய அளவு காற்றை மட்டும் குரல்நாணுக்கு விடுகிறார். இத்தாலியர் இதற்கு வைத்த பெயர் அப்போஜோ. சாய்ந்து தாங்குதல் என்று பொருள். பல ஆண்டுப் பயிற்சியின் பெரும் பங்கு இந்தத் துருசைப் பழக்குவதிலேயே போகிறது.

முல்லைத்தீவுக் கரையோரத் தேவாலயம் ஒன்றின் ஒளிவிழாவில் ஒரு முறை நடுப்பாட்டில் மின்சாரம் நின்றது. கீபோர்ட் ஊமையானது, ஒலிபெருக்கி நின்றது, பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தயங்கி நிறுத்தினார்கள். பின்வரிசையில் நின்ற ஒரு பெண் பிள்ளை மட்டும் கண்ணை மூடியபடி பாடிக்கொண்டே இருந்தாள். வெளித்திண்ணையில் செருப்போடு நின்ற ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலை உயர்த்தவே இல்லை. அவளுக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. பயிற்சி பெற்ற சொப்ரானோ, அந்த நிமிடத்தை மூன்று மணி நேரத்துக்கு, விரும்பிய நாளில், நடித்துக்கொண்டே செய்துகாட்டுகிறார்.

சுருக்கமாக: ஒபராக் குரல் கேட்பது பலத்தால் அல்ல, மூச்சை அளந்து விடுவதாலும், வாத்தியங்கள் விட்டுவைத்த இடத்தில் ஒலிப்பதாலும், பரிவாலும்.

காலபோகமும் சிறுபோகமும்

சொப்ரானோ எல்லாரும் ஒரே சொப்ரானோ அல்லர். துடிப்பும் மெல்லிய குரலும் உள்ளவருக்குச் சூப்ரெற் என்று பெயர். குறும்புக்காரப் பணிப்பெண் வேடங்கள் அவருக்கு. வேகமான சுர அடுக்குகளை உதிர்ப்பவர் கொலராற்றூரா. நீண்ட இனிய இசைவரிகளுக்கு லிரிக். பெரிய வாத்தியக் குழுவைக் கிழித்துக்கொண்டு வரும் கனத்த குரல் டிறமற்றிக். ஜேர்மன் அரங்குகள் இந்தப் பகுப்பை ஃபாக் என்று அழைத்து, யாருக்கு எந்த வேடம் கொடுப்பது என்பதை அதன்படி வகுக்கின்றன.

இங்கேதான் காலம் உள்ளே வருகிறது. குரல் பயிரைப் போல முதிர்கிறது. இருபது வயதுச் சொப்ரானோவின் குரல் இன்னும் குடலைப் பருவத்தில் நிற்கிறது. முப்பதை அண்டித்தான் பலருக்கு அது கதிர் விடும். டிறமற்றிக் குரலுக்கு அதற்கும் பின்னர். பச்சையாக அறுத்தால் நெல்லும் இல்லை, வைக்கோலும் இல்லை.

மோசார்ட் 1786 இல் வியன்னாவில் அரங்கேற்றிய 'பிகாரோவின் திருமணம்' இதை விளக்க மிக நல்ல உதாரணம். அதில் பார்பரினா என்னும் தோட்டக்காரன் மகள் வருகிறாள். சிறிய, இலேசான பகுதி. சூசன்னா என்னும் பணிப்பெண் கிட்டத்தட்ட முழு இரவும் மேடையில் நிற்பாள். பிரபுவின் மனைவிக்கோ நீண்ட மூச்சும் கனிந்த குரலும் வேண்டும். மூவருமே சொப்ரானோக்கள். இலங்கையிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த பறங்கியர் குடும்பத்தில் பிறந்த டானியல் டி நீஸ், மெற்றோபொலிற்றனில் முதன்முதலாக மேடையேறியது 19 வயதில், பார்பரினாவாக. 2005 இல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் விழாவில் ஹண்டெலின் ஒபராவில் கிளியோபற்றாவாகப் பாடி உலகப் புகழ் பெற்றார். மெற்றோபொலிற்றனில் அதே மோசார்ட் ஒபராவில் பின்னர் சூசன்னாவாகவும் பாடினார். பத்தொன்பதில் பார்பரினா, முதிர்ந்தபின் சூசன்னா: ஒழுங்கான தொழிலின் படிக்கட்டு இதுதான்.

இந்தப் படிக்கட்டை மீறியவர்களில் மிகப் புகழ்பெற்றவர் மரியா கலாஸ். 1949 ஜனவரியில், வெனிசில், ஜேர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் கனத்த வேடம் ஒன்றையும், இத்தாலிய இசையமைப்பாளர் பெல்லினியின் மிக இலேசான சுர அடுக்குகள் நிறைந்த வேடம் ஒன்றையும் ஒரே மாதத்தில் பாடி உலகை வியக்கவைத்தார். அவரது நடிப்பையும் உணர்ச்சியையும் மிஞ்ச இன்றுவரை ஆளில்லை என்பதே என் எண்ணம். ஆனால் 1965 இல், 41 வயதில், அவர் ஒபரா மேடையிலிருந்து விலகினார். ஏன் அந்தக் குரல் அவ்வளவு விரைவில் தளர்ந்தது என்று இன்றும் வாதாடுகிறார்கள். அவருக்கு ஐந்து வயது மூத்தவர் பிர்கிற் நில்சன். தெற்குச் சுவீடனில் பண்ணையில் வளர்ந்த விவசாயி மகள். 1946 இல் மேடையேறிய அவர், வாக்னரின் இசோல்டே என்னும் வேடத்தை மட்டும் 200 தடவைக்கு மேல் பாடி, 1984 இல்தான் ஓய்ந்தார்.

ஆகவே இத்தொழிலில் மிகக் கடினமான சொல் 'இல்லை' என்பது. பெரிய அரங்கு பெரிய வேடத்தைத் தரும்போது, "எனக்கு இன்னும் ஐந்து வருடம் வேண்டும்" என்று சொல்லத் துணிகிற பாடகிக்கே நீண்ட வாழ்க்கை கிடைக்கிறது. கையில் காசில்லாத இளையவரால் அதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படிப்பும் பிழைப்பும்

பதினெட்டு வயதளவில் இசைக் கல்லூரியில் நுழைந்து ஆறேழு வருடம் படிப்பு. குரற்பயிற்சியோடு இத்தாலியம், ஜேர்மன், பிரெஞ்சு ஆகிய மொழிகளின் உச்சரிப்பும் நடிப்பும் கட்டாயம். பின்பு அரங்குகளோடு இணைந்த இளம் கலைஞர் திட்டங்கள். கிஷானி ஜயசிங்கவும் இலண்டன் றோயல் ஒபரா ஹவுஸின் அத்தகைய திட்டத்தில் இருந்தவர். அங்கே பாடகியோடு பியானோவில் அமர்ந்து வரிவரியாகப் பழக்குபவருக்கு றெப்பெற்றிற்றர் என்று பெயர். பார்வையாளர் அறியாத இந்த மனிதரே பல பாடகிகளின் உண்மையான குரு.

அதன்பின் குரல் தேர்வுகள். வெவ்வேறு மொழிகளில் ஐந்தாறு ஆரியாக்களைத் தயாராக வைத்திருந்து, முன்பின் அறியாத மூன்று நான்கு பேரின் முன் பத்து நிமிடம் பாடிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பிழைப்புக்கு இரண்டு வழிகள் உண்டு. ஜேர்மனியில் அரச, நகர நிதியில் இயங்கும் ஒபரா அரங்குகள் ஏறக்குறைய 80 இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் பாடகி மாதச் சம்பளத்துக்கு நிரந்தர உறுப்பினராகச் சேரலாம். சம்பளம் பெரிதல்ல, ஆனால் சீரானது. ஆண்டுக்குப் பல வேடங்கள் பாட நேரும். மற்றது விருந்தினராக அரங்கு அரங்காகப் போவது. அதில் பெரும்பாலும் மேடையேறிய இரவுக்குத்தான் காசு. ஐந்தாறு கிழமை ஒத்திகை பார்த்துவிட்டு முதல் நாள் தடிமன் பிடித்தால், அந்த இரவின் வருமானம் போய்விடும். அவரிடத்தில் பாடத் தயாராக இருத்தப்பட்டிருக்கும் மாற்றுப் பாடகி மேடையேறுவார். பெரிய அரங்குகள் மூன்று, நான்கு வருடம் முன்னரே பாடகிகளை ஒப்பந்தம் செய்கின்றன என்பதால், நாற்பதாவது வயதில் தன் குரல் எப்படி இருக்கும் என்பதை முப்பத்தாறில் மதிப்பிட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். விதைப்புக்கு முன்னரே விளைச்சலை விற்ற எவருக்கும் அந்தப் பயம் தெரியும்.

சுருக்கமாக: மேடையில் தெரியும் மூன்று மணி நேரத்துக்குப் பின்னால் பத்து வருடப் படிப்பும், உடல் நலத்தையே முதலாகப் போட்ட ஒரு நிச்சயமற்ற வருமானமும் இருக்கின்றன.

வேடம் இல்லாத மேடை

ஒபராப் பாடகி என்றும் கச்சேரிப் பாடகி என்றும் ஒருவரையே இரண்டு பெயரில் சொல்வதைக் காணலாம். கச்சேரி என்பது வேடமும் காட்சியும் இல்லாமல் நின்று பாடுவது. பைபிள் வசனங்களைக் கொண்டு ஹண்டெல் அமைத்து 1742 இல் டப்ளினில் அரங்கேறிய 'மெசாயா' போன்ற படைப்புகள் ஒருபுறம். பியானோ ஒன்று மட்டும் துணையிருக்க, கவிதைக்கு இசையமைத்த சிறு பாடல்களைப் பாடும் நிகழ்ச்சி இன்னொரு புறம். 31 வயதில் இறந்த இசையமைப்பாளர் சூபேர்ட் தனியாகவே இப்படி 600 க்கு மேற்பட்ட பாடல்களை விட்டுச்சென்றார். எங்கள் சங்கீதக் கச்சேரிக்கு மிக நெருங்கியது இதுவே. இங்கே சுருதியையும் குரலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். மேடை வேடங்களுக்கு வயது கடந்த பின்னும் பல சொப்ரானோக்கள் இங்கே நெடுங்காலம் நிற்கிறார்கள், பின்பு கற்பிக்கிறார்கள்.

கேட்டுப் பார்க்க விரும்புவோர் பெரிய உச்ச சுரங்களிலிருந்து தொடங்க வேண்டாம். 'பிகாரோவின் திருமணம்' நான்காம் அங்கத்தின் தொடக்கத்தில் பார்பரினா பாடும் பாட்டு இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இருட்டில், பிரபு கொடுத்தனுப்பிய குண்டூசியைத் தொலைத்துவிட்டு, பயந்து பயந்து தேடுகிறாள் அந்தச் சிறுமி. அண்மையில் அதை வகுப்பில் போட்டுக் காட்டினேன். எல்லோரும் கைபேசியைச் சுற்றிக் குனிந்து கேட்டார்கள், பாட்டு முடிந்ததும் ஒரு சின்னப் பிள்ளை, "ஊசி கிடைச்சதோ, ரீச்சர்?" என்று கேட்டாள். கிடைப்பதில்லை. பிகாரோ வேறொரு ஊசியைக் கொடுத்து அவளை அனுப்பிவிடுகிறான்.